ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்? உயர் நீதிமன்றங்கள் சட்டத்தைப் படிக்கும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொத்துத் தகராறோ, செக் வழக்கோ, எஃப்.ஐ.ஆரோ, உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் திரும்பி வந்து ஒரே மாதிரி புலம்புவார்கள்: "என்ன நடந்ததுன்னே யாரும் கேட்கலைங்க, ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் பேசினாங்க." அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பக்கம். உங்கள் வழக்குக்கான ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு உங்கள் வழக்குக் கட்டைப் படித்த வக்கீல்தான் வேண்டும்.

சட்டம்தான் அச்சில் இருக்கிறதே, அதற்கு நீதிபதி ஏன் பொருள் சொல்ல வேண்டும்?

எழுதியவர்களால் எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்திருக்க முடியாது, அதனால்தான். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை எடுங்கள். 5-வது பிரிவு மணமகனுக்கும் மணமகளுக்கும் வயது நிர்ணயிக்கிறது. மணமகள் என்றால் யார் என்று எங்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது.

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்யப் போனபோது பதிவுத் துறை மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. அரசுத் தரப்பு அகராதியைத் திறந்து, மணமகள் என்றால் திருமண நாளில் இருக்கும் பெண் என்று வாதிட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. அந்தச் சொல்லுக்கு உறைந்துபோன ஒரு பொருள் கிடையாது, இன்றைக்கு நாட்டில் இருக்கும் சட்ட நிலையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும், திருநங்கையும் மணமகள்தான் என்றார். மூன்றாம் பாலினத்தவரின் அடையாள உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-லேயே ஏற்றிருந்தது அவருக்குக் கைகொடுத்தது. மணமகள் என்ற சொல் சட்டத்தில் பழையபடியேதான் இருக்கிறது. அதற்குள் வரக்கூடியவர் ஒருவர் கூடியிருக்கிறார்.

நீதிபதி எங்கிருந்து தொடங்குவார்? மனதில் தோன்றியதைச் சொல்லிவிடலாமா?

முடியாது. செய்யுளுக்கு உரை எழுதுகிறவர் செய்யுளைத் திருத்த முடியாதது மாதிரிதான்.

முதலில் சொல்லின் இயல்பான பொருள். அது தெளிவாக இருந்து, அபத்தமான இடத்துக்குக் கொண்டுபோகாமலும் இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. அப்புறம் அந்தச் சட்டத்திலேயே இருக்கும் விளக்கப் பிரிவு. அதில் "என்பது இதைக் குறிக்கும்" என்று இருந்தால் கதவை மூடிவிட்டார்கள் என்று பொருள். "இதையும் உள்ளடக்கும்" என்று இருந்தால் கதவு பாதி திறந்திருக்கிறது. அங்கேயும் கிடைக்காவிட்டால் 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் இருக்கிறது. ஆண்பாலில் எழுதியது பெண்ணுக்கும் பொருந்தும், ஒருமை பன்மையையும் குறிக்கும், "நபர்" என்றால் கம்பெனியும் அடங்கும் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. தமிழ்நாட்டுச் சட்டங்களுக்கு இதைவிட மூத்த 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக உண்டு. மத்தியச் சட்டத்துக்கும் மாநிலச் சட்டத்துக்கும் ஒன்றையே மேற்கோள் காட்டிவிட்டு நீதிபதியிடம் திட்டு வாங்கும் இளம் வக்கீல்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது அக்கம்பக்கம். ஒரு சொல் யாரோடு உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது. "சந்தைக்குள் ஆடு, மாடு, எருமை மற்றும் பிற பிராணிகளை ஓட்டிவரக் கூடாது" என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூடையில் பூனைக்குட்டியோடு வந்த பாட்டிக்கு அபராதம் போட முடியுமா? பூனையும் பிராணிதான். ஆனால் "பிற பிராணிகள்" என்பது முன்னால் வரிசையில் நிற்கும் ஆடு மாட்டின் இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் படிக்கும். பாட்டி தப்பித்தார்.

இதெல்லாம் போதாதபோதுதான் நோக்கம் பார்ப்பது வருகிறது. இங்கிலாந்தில் 1584-ல் பிறந்த முறை இது. இந்த சட்டம் வருவதற்கு முன் நிலைமை என்ன, அதில் என்ன கோளாறு, அதைச் சரிசெய்ய என்ன மருந்து கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று நான்கு கேள்விகள். உச்ச நீதிமன்றம் 1955-ல் விற்பனை வரி வழக்கு ஒன்றில் இதைப் பயன்படுத்தியது. இன்றும் தீர்ப்புகளில் இந்த நான்கும் வந்துகொண்டே இருக்கின்றன.

என் அனுபவத்தில் இந்த விதிகளின் பெயர்களைவிட உதவியாக இருப்பது ஒரு கேள்வி: இந்தச் சொல்லை இப்படிப் படித்தால் யார் எதை இழப்பார்? ஒருவர் சிறைக்குப் போவார் என்றால் நீதிமன்றம் ஒரு மாதிரி படிக்கும். ஒரு பெண் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்பார் என்றால் வேறு மாதிரி படிக்கும். கீழே வரும் வழக்குகளை இந்தக் கேள்வியோடு பாருங்கள்.

கிரிமினல் சட்டத்தை இறுக்கமாகப் படிக்க வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

ஒருவரைத் தண்டிக்கும் பிரிவில் இரண்டு பொருளுக்கு நியாயமான இடம் இருந்தால், தண்டனையிலிருந்து காப்பாற்றும் பொருளை எடுக்க வேண்டும். இதுதான் விதி. 1954-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்ன வழக்கு மும்பையிலிருந்து வந்தது. குத்தகை கொடுப்பதற்குப் பகடி, அதாவது வாடகைக்கு மேல் தனியாக ஒரு தொகை, வாங்குவது அன்று அங்கே குற்றம். கட்டி முடியாத ஒரு கட்டடத்தைப் பின்னால் வாடகைக்குத் தருவதாக ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்கியிருந்தார்கள். குத்தகை தருவதாக ஒப்புக்கொள்வதும் குத்தகை தருவதும் ஒன்றா? உயர் நீதிமன்றம் குற்றம்தான் என்றது. உச்ச நீதிமன்றமோ, எழுதியிருப்பது குத்தகை கொடுப்பதைப் பற்றி மட்டும்தான், பணம் வாங்கியது பிடிக்கவில்லை என்பதற்காக நாங்கள் பிரிவை இழுத்து நீட்ட முடியாது என்று விடுவித்தது.

இன்றைக்கும் இது உயிரோடு இருப்பது ஜாமீன் வழக்குகளில். குறித்த நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதானவர் ஜாமீனில் வரலாம். டீஃபால்ட் பெயில் என்று கோர்ட்டில் சொல்வார்கள். சாதாரணமாக 60 நாள், பெரிய குற்றங்களுக்கு 90 நாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 90 நாளுக்கான குற்றங்களில் ஒரு வகை, "பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை" விதிக்கத்தக்கவை. அசாமிலிருந்து ஓர் ஊழல் வழக்கு வந்தது. அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது நான்கு ஆண்டு, அதிகம் பத்து ஆண்டு. இது பத்துக்குக் குறையாததா? பத்து ஆண்டு கொடுக்க முடியும்தான், ஆனால் நான்கோடும் நிறுத்தலாம். குவாஹாட்டி உயர் நீதிமன்றம் ஜாமீன் தர மறுத்தது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், குறைந்தபட்சத் தண்டனையே பத்தாக இருந்தால்தான் 90 நாள், இங்கே 60 நாள்தான் என்றது. மூன்று நீதிபதிகளே ஒத்துப்போகாத அளவுக்கு "குறையாத" என்ற சொல் வழுக்கியது. அதற்குப் பதிலாக 2024-ல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் வாசகத்தை "பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல்" என்று மாற்றியிருக்கிறார்கள். சர்ச்சை தீர்ந்ததா என்றால், வக்கீல்களுக்கு வேலை தொடர்கிறது என்று மட்டும் சொல்வேன்.

சென்னை வழக்கு ஒன்றும் இருக்கிறது. போதைப்பொருள் வழக்கு அது, அதில் கெடு 180 நாள். அது முடிந்த மறுநாள் கைதி ஜாமீன் கேட்டு மனு போட்டார். அன்றைக்கு மாலையே புலனாய்வு அமைப்பு கூடுதல் புகாரைத் தாக்கல் செய்துவிட்டது. சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது, சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொடுத்தது. உரிமை மனு போட்ட நிமிடத்திலேயே கைக்கு வந்துவிட்டது, பிறகு வரும் காகிதம் அதைப் பிடுங்க முடியாது என்பது காரணம். நடைமுறைச் சட்டமாக இருந்தாலும், சுதந்திரம் சம்பந்தப்பட்டதில் சந்தேகம் வந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்றும் சொன்னது.

அப்படியானால் வார்த்தையில் ஓட்டை கண்டுபிடித்தால் யாரும் தப்பிவிடலாமா?

இந்த இடத்தில்தான் உயர் நீதிமன்றங்கள் அதிகம் சறுக்கியிருக்கின்றன.

2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 7-வது பிரிவைப் படித்தது. பாலியல் நோக்கத்தோடு "உடல் தொடர்பு" இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. உடல் தொடர்பு என்றால் தோலோடு தோல் படுவது, இடையில் துணி இருந்தால் போக்சோ பொருந்தாது, குறைந்த தண்டனை உள்ள இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுதான் பொருந்தும் என்று தனி நீதிபதி தீர்ப்பளித்தார். தண்டனை கடுமையானது, அதனால் இறுக்கமாகப் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். நாடே கொதித்தது. அப்போதைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபாலே மேல்முறையீடு செய்தார். அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிரிவின் உயிர் நோக்கத்தில் இருக்கிறது, துணியில் இல்லை. சந்தேகத்தின் பலன் என்பது உண்மையிலேயே சந்தேகம் இருக்கும்போதுதான், படிப்பவரே உண்டாக்கும் சந்தேகத்துக்கு இல்லை. சட்டத்தையே வேலை செய்யாமல் ஆக்கும் பொருளை எடுக்கக் கூடாது.

சென்னையிலும் இப்படி ஒன்று நடந்தது. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்திரிக்கும் காட்சிகளைக் கைப்பேசியில் வைத்திருந்தவர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், போக்சோ 15-வது பிரிவில் இருக்கும் "சேமித்து வைத்தல் அல்லது உடைமையில் வைத்திருத்தல்" என்பதைப் பார்க்கவில்லையே என்று அந்த தீர்ப்பை மாற்றியது. அழிக்காமல், புகார் செய்யாமல் வைத்திருப்பதே குற்றத்தின் முதல் படி என்றது.

கம்பெனிகள் விஷயத்தில் 2005-ல் ஒரு வேடிக்கையான வாதம் வந்தது. குற்றத்துக்குச் சிறையும் அபராதமும் இரண்டும் கட்டாயம். கம்பெனியைச் சிறையில் போட முடியாது. ஆகவே கம்பெனி மேல் வழக்கே போட முடியாது! ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் இதை ஏற்கவில்லை. முடிந்த தண்டனையைக் கொடுப்போம், அபராதம் போடலாம் என்றார்கள். இரண்டு பேர் ஏற்றார்கள் என்பதையும் கவனியுங்கள். இறுக்கமாகப் படிக்கும் விதி அவ்வளவு வலுவானது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் "பொதுமக்கள் பார்வை" என்பதில் ஏன் இவ்வளவு வாதம்?

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 3(1) பிரிவின் கீழ் குற்றம். ஆனால் "பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்" நடந்திருக்க வேண்டும். பொது இடம் என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவரின் சொந்த வீட்டுத் தோட்டம் பொது இடம் இல்லை. ஆனால் தெருவில் போகிறவருக்குத் தெரியும் தோட்டம் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்டதுதான் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது நடந்தால் இந்தப் பிரிவு வராது.

திருச்சி மாவட்டத்தில் ஒரு வருவாய்த் துறை அலுவலக அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில், சக ஊழியர்கள் பிறகுதான் உள்ளே வந்தார்கள் என்பது புகாரிலேயே இருந்தது. மதுரைக் கிளை வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இலக்கணப்படி சரியான வாசிப்புதான். ஆனால் அவமானம் சாட்சி வைத்துக்கொண்டு நடப்பதில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் கேட்கும்போது என்னிடம் நல்ல பதில் இல்லை. சட்டசபையோ நாடாளுமன்றமோதான் அந்த வார்த்தையைத் தொட முடியும்.

ஒரே சொல்லுக்கு ஒரு சட்டத்தில் ஒரு பொருள், இன்னொன்றில் வேறு பொருள் என்று இருக்கலாமா?

தாராளமாக. "மனைவி", "திருமணம்" என்ற சொற்களைப் பாருங்கள்.

மனைவி இருக்கும்போதே இன்னொரு திருமணம் செய்தால் குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 494, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 82. இங்கே சிறைத் தண்டனை காத்திருப்பதால், இரண்டாவது திருமணமும் முறைப்படி சடங்குகளோடு நடந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்று 1965-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையான திருமணம் இல்லாமல் சும்மா சேர்ந்து வாழ்ந்தார்கள் என்றால் அந்தப் பிரிவில் தண்டிக்க முடியாது. இதனால் எத்தனை கணவன்மார் சிரித்துக்கொண்டே வெளியே போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதே ஆள் இரண்டாவது பெண்ணை வரதட்சணை கேட்டுக் கொடுமைப்படுத்தினால்? பிரிவு 498ஏ, இப்போது 85. "நமக்குள் நடந்தது திருமணமே இல்லையே, நான் எப்படிக் கணவன் ஆவேன்?" என்று அவர் கேட்க முடியாது என்று 2004-ல் தீர்ப்பு வந்தது. கொடுமையிலிருந்து காப்பாற்ற வந்த பிரிவு அது. முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றி மணந்தவர் ஜீவனாம்சம் கொடுக்க மறுத்தபோதும், அந்தப் பெண் ஜீவனாம்சத்துக்கு மனைவிதான் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம், மும்பை உயர் நீதிமன்றம் சொன்னதை உறுதி செய்தது. தன் தவறிலிருந்து ஒருவர் லாபம் எடுக்கக் கூடாது என்பது அதன் அடியில் இருக்கும் எண்ணம்.

ஆக, ஒரே பெண் 494-ல் மனைவி இல்லை, 498ஏ-யில் மனைவி, ஜீவனாம்சத்தில் மனைவி. கேட்டால் தலை சுற்றும். ஒவ்வொன்றிலும் யார் எதை இழக்கிறார் என்று பார்த்தால் கொஞ்சம் தெளியும்.

வக்கீல் ஆபீசில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லுமா?

செல்லும். 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று சொல்லியிருந்தது. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். ஏற்கெனவே நடந்தவையும் செல்லும் என்றார்கள். அந்தப் பிரிவு கேட்பது கொஞ்சம்தான்: "உறவினர், நண்பர் அல்லது பிற நபர்கள்" முன்னிலையில், ஒருவரை ஒருவர் ஏற்பதாகத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும், அல்லது மாலை மாற்ற வேண்டும், மோதிரம் போட வேண்டும், தாலி கட்ட வேண்டும். புரோகிதர் தேவையில்லை.

2014-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, வக்கீல் அறையில் ரகசியமாக நடப்பது திருமணமே ஆகாது என்றது. திருமணம் என்றால் ஊரறிய நடக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பிரிவுக்குள் அவர்கள் கொண்டுவந்தார்கள். 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. "பிற நபர்கள்" என்று இருக்கிறது, ஊரார் என்று இல்லை. பெற்றோர் எதிர்ப்புக்குப் பயந்து வரும் ஜோடியால் பந்தல் போட்டு அழைப்பிதழ் அடிக்க முடியாது. வக்கீலும் நண்பராகவோ பிற நபராகவோ நிற்கலாம், நீதிமன்ற அலுவலர் என்ற தகுதியில்தான் நிற்கக் கூடாது. ஆணவக் கொலைகள் நடக்கும் மாநிலத்தில் அந்த இரண்டு சொற்கள் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா? ஏன் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். ஆளுக்கு ஒரு பதில் வந்ததற்குக் காரணம், நீதிமன்றங்களே சில ஆண்டுகள் ஆளுக்கு ஒன்று சொன்னதுதான்.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியாகும் மாநிலத் திருத்தம் மகளையும் கூட்டுக் குடும்பப் பங்காளி ஆக்கியது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை விட்டுவிட்டது. பிறகு மத்தியத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. "மகன் போலவே பிறப்பால்" மகளும் பங்காளி என்றது, கல்யாணமானவர், ஆகாதவர் என்ற பேதம் இல்லாமல்.

சண்டை முழுக்க இரண்டு சொற்களுக்கு நடுவே. "நடைமுறைக்கு வந்த நாள் முதல்" என்றும் இருக்கிறது, "பிறப்பால்" என்றும் இருக்கிறது. 2015-ல் உச்ச நீதிமன்றம் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. 2018-ல் வேறொரு அமர்வு, அப்பா 2001-லேயே இறந்த குடும்பத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. உயர் நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றுவது என்று திண்டாடின. ஊரில் அப்பா 2004-ல் போனாரா 2006-ல் போனாரா என்று இறப்புச் சான்றிதழைத் தேடி அலைந்த குடும்பங்கள் ஏராளம். கடைசியில் 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, பிறப்பால் என்றால் பிறப்பால்தான், அப்பா உயிரோடு இருந்தாரா என்பது தேவையில்லை என்று முடித்துவைத்தது.

இதில் ஒரு வேலி இருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்த பத்திரம் மூலமோ நீதிமன்ற டிக்ரி மூலமோ பாகப்பிரிவினை ஆகியிருந்தால் அதைக் கிளற முடியாது. "வாய்மொழியா எப்பவோ பிரிச்சுட்டோம்" என்று அண்ணன் சொன்னால் எளிதில் நம்ப மாட்டார்கள். அரசு ஆவணங்களில் அதற்குச் சுவடு வேண்டும்.

இது பூர்வீகச் சொத்துக்கு. அப்பா தானே சம்பாதித்த சொத்து என்றால் கணக்கு வேறு. வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்கு முன்பே உயில் இல்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியம்கூட, மகன் இல்லாதபோது, பங்காளி வீட்டுப் பையனுக்குப் போகாமல் மகளுக்குத்தான் போகும் என்று 2022 ஜனவரியில் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பழைய இந்து நூல்களின் உரைகள் வரை போய்ப் படித்தார்கள். அதில் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் எதிராகத் தீர்ப்பளித்திருந்தன.

சட்டத்தில் "செய்ய வேண்டும்" என்று இருந்தால் அது கட்டாயம்தானே?

அப்படித்தான் நினைப்போம். ஆனால் சிவில் வழக்கில் பிரதிவாதி 30 நாளுக்குள், நீட்டித்தால் 90 நாளுக்குள் எழுத்துமூலப் பதிலைத் தாக்கல் செய்ய "வேண்டும்" என்று இருக்கிறது. சேலம் வழக்கறிஞர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், இது கட்டாயம் இல்லை, நல்ல காரணம் இருந்தால் 90 நாளுக்குப் பிறகும் ஏற்கலாம் என்றது. நடைமுறை நீதிக்கு வேலைக்காரன், எஜமான் இல்லை என்ற எண்ணம்.

அதே விதி, 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தில் வரும்போது 120 நாள், ஒரு நாள் கூடினாலும் முடியாது என்று 2019-ல் தீர்ப்பு. என்ன வித்தியாசம்? அங்கே, தாண்டினால் பதில் போடும் உரிமையை இழப்பார், நீதிமன்றம் அதைக் கோப்பில் சேர்க்கக் கூடாது என்று விளைவையும் எழுதிவிட்டார்கள். "வேண்டும்" என்ற சொல்லின் எடை, அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

செக் திரும்பிய வழக்கில் நாள் எண்ணுவதில் என்ன குழப்பம்?

நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். முதல் நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் தீர்ப்புகள் முரண்பட்டுக் கிடந்தன. 2013-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 9-வது பிரிவைப் பின்பற்றி முதல் நாளை விட்டுவிட வேண்டும் என்றது. நோட்டீஸ் மார்ச் 1 அன்று கிடைத்தால் 15 நாள் மார்ச் 16-ல் முடியும். புகார் போடும் உரிமை 17-ல் பிறக்கும். அந்த நாளை விட்டு எண்ணினால் ஏப்ரல் 17 கடைசி நாள். அன்று கோர்ட் விடுமுறை என்றால் 10-வது பிரிவு அடுத்த வேலை நாளைத் தரும். வீடு பூட்டியிருந்தது என்று தபால் திரும்பினாலும், சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் கிடைத்ததாகவே கருதலாம் என்று 2007-ல் சொல்லியிருக்கிறார்கள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்க இடம் உண்டு. ஆனாலும் ஏப்ரல் 10-க்கே போட்டுவிடுங்கள்.

2024-ல் புதிய சட்டங்கள் வந்தபின் பழைய வழக்குகள் எதன்படி நடக்கும்?

2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். செய்தபோது இருந்த சட்டப்படிதான் தண்டிக்கலாம் என்று அரசியலமைப்பின் 20-வது பிரிவே சொல்கிறது. நடைமுறையில்தான் குழப்பம். அந்த நாளில் "நிலுவையில்" இருந்த விசாரணை, மேல்முறையீடு, மனு பழைய நடைமுறைச் சட்டப்படி நடக்கும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 531-வது பிரிவு கூறுகிறது. பழைய எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்டு ஜூலை 1-க்குப் பிறகு போடும் மனு நிலுவையில் இருந்ததா, புதிதா? பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அந்த மாதமே, புதிய சட்டத்தின் கீழ்தான் போட வேண்டும் என்றது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், எஃப்.ஐ.ஆர். பழையது, ஆகவே பழைய சட்டம் என்றது. மேல்முறையீடுகள் பற்றிய இதே கேள்வியில் கேரள உயர் நீதிமன்றம் பஞ்சாப் பக்கம் நின்றது. பிரிவு எண்ணைத் தவறாகப் போட்டாலும் அதிகாரம் இருந்தால் மனுவைத் தள்ள வேண்டியதில்லை என்ற பழைய கொள்கை பலரைக் காப்பாற்றுகிறது.

வேறு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு இங்கே செல்லுமா?

எடுத்துக் காட்டலாம், கட்டுப்படுத்தாது. இருபத்தைந்து உயர் நீதிமன்றங்களும் ஒன்றுக்கொன்று சமம். உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் 141-வது பிரிவின்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும். தன் எல்லைக்குள் இருக்கும் கீழ் நீதிமன்றங்களையும் தீர்ப்பாயங்களையும் அந்தந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். உள்ளேயும் படிநிலை உண்டு: தனி நீதிபதி, இருவர் அமர்வு, முழு அமர்வு. சக தனி நீதிபதியோடு ஒருவர் உடன்படாவிட்டால் தன் விருப்பப்படி வேறு தீர்ப்பு எழுதக் கூடாது, பெரிய அமர்வுக்கு அனுப்பும்படி தலைமை நீதிபதிமுன் வைக்க வேண்டும். இது எப்போதும் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கேட்காதீர்கள்.

தமிழில் இருக்கும் சட்டப் புத்தகத்தைக் காட்டி வாதிடலாமா?

தமிழ்நாட்டில் கீழ் நீதிமன்றங்களில் தமிழில் வாதிடலாம், தீர்ப்பும் தமிழில் வரலாம். ஆனால் பொருள் பற்றிய சண்டை வந்தால் உயர் நீதிமன்றம் ஆங்கில மூலத்தைத்தான் திறக்கும். சட்டங்களின் அதிகாரப்பூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 348-வது பிரிவு சொல்கிறது. கடையில் வாங்கும் தமிழ்ப் புத்தகத்தில் "அல்லது" என்பது "மற்றும்" ஆகிவிட்டிருந்தால் அதை வைத்து வாதம் கட்ட முடியாது. ஒருமுறை கட்டி, நீதிபதி மூலத்தைப் படிக்கச் சொன்னதும் பாதியில் உட்கார்ந்திருக்கிறேன்.

சட்டத்தில் இல்லாத ஒன்றை உயர் நீதிமன்றம் சேர்க்க முடியுமா?

விட்டுப்போன வார்த்தையை நிரப்பக் கூடாது என்பது விதி. ஆனால் சட்டம் எதுவும் தடுக்காத இடத்தில் நீதிமன்றம் கொஞ்சம் நடக்கும். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார், வாங்கிய சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டா? இல்லத்தரசியின் உழைப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இங்கே இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, அங்கீகரிக்கும் சட்டம் இல்லை என்றாலும் அங்கீகரிக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை, 24 மணி நேரமும் ஓய்வில்லாமல் செய்யும் வேலையும் சொத்து வாங்கியதில் ஒரு பங்குதான் என்று தீர்ப்பளித்தார். இதை எல்லை மீறல் என்று சொல்லும் வக்கீல்களும் உண்டு. அவர்கள் வீட்டில் சமைப்பது யார் என்று கேட்கத் தோன்றும், கேட்டதில்லை.

தீர்ப்பு நகல் கையில் இருக்கிறது. எதை முதலில் பார்க்க வேண்டும்?

கடைசிப் பத்தியை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்கு முன், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எந்தச் சொல் என்று கண்டுபிடித்து அடிக்கோடு போடுங்கள். அந்தச் சொல்லுக்கு உங்கள் தரப்பு என்ன பொருள் சொன்னது, எதிர்த் தரப்பு என்ன சொன்னது, நீதிபதி எந்த முந்தைய தீர்ப்பை வைத்து முடிவெடுத்தார் என்று மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். முந்தைய தீர்ப்பு வேறு சட்டத்தின் கீழ் வந்ததாக இருந்தால், அல்லது அதைவிடப் பெரிய அமர்வு வேறு மாதிரி சொல்லியிருந்தால், மேல்முறையீட்டுக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். நகல் கேட்டு மனு போட்ட தேதியையும் நகல் தயாரான தேதியையும் பின்பக்க முத்திரையில் பாருங்கள், அந்த இடைப்பட்ட நாட்களை மேல்முறையீட்டுக் கெடுவில் கழித்துக்கொள்ளலாம்.